எம்.எல்.எம். ஷேக் டப்பா வாங்கலாமா? ஒரு கிளாஸ் கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம்



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். உட்கார்ந்தே வேலை, ராத்திரி ஷிஃப்ட், ஸ்விகி பிரியாணி. தொப்பை லேசா எட்டிப் பார்க்குது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல ஒரு அக்காவோ, பழைய காலேஜ் நண்பனோ, சொந்தத்துல ஒரு சித்தியோ மெசேஜ் பண்றாங்க: "எடை குறைக்கணுமா? காலையில ஒரு ஷேக், ராத்திரி ஒரு ஷேக், அவ்ளோதான். நான் மூணு மாசத்துல 8 கிலோ குறைச்சிருக்கேன்." கூடவே முன்ன எடுத்த போட்டோ, இப்ப எடுத்த போட்டோ. பத்து நாள் கழிச்சு அடுத்த மெசேஜ்: "நீயும் ஐடி போட்டுக்கோ, டிஸ்கவுன்ட்ல கிடைக்கும். நாலு பேருக்கு சொன்னா உன் ஷேக் ஃப்ரீ."

இந்த ஷேக் வாங்கலாமா, வேண்டாமானு நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி. "ஐயோ, அதெல்லாம் ஏமாத்து வேலை"னு ஒரே வரியில முடிச்சிடலாம். ஆனா அது முழு பதில் இல்ல. இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா சுத்தி இருக்கு. ஒண்ணு, அந்த பவுடர் வேலை செய்யுமா? ரெண்டு, அந்த விலைக்கு, அந்த வழியில அதை வாங்கணுமா? ரெண்டையும் தனித்தனியா பார்ப்போம்.

முதல் கேள்வி: ஷேக் குடிச்சா எடை குறையுமா?

குறையும். இதை மறைக்க வேண்டியதே இல்ல. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதிலா குடிக்கிற ஷேக்ல சுமார் 250 கலோரிதான் இருக்கும். நீங்க வழக்கமா சாப்பிடுற நெய் ரோஸ்ட், வடை, காபி சேர்த்தா அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை இப்படிக் குறைச்சா எடை குறையாம எங்க போகும்?

மருத்துவ ஆதாரமும் இருக்கு. பிரிட்டன்ல நடந்த 'டைரக்ட்'ங்கற ஆய்வு 2017 டிசம்பர்ல லான்செட் இதழ்ல வந்தது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும் சாப்பாட்டுக்குப் பதிலா ஷேக், சூப் மட்டும் கொடுத்தாங்க. ஒரு நாளைக்கு 825லிருந்து 853 கலோரி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தது. ரெண்டாவது வருஷ முடிவுல அது 36 சதவீதம்.

இதுல கவனிக்க வேண்டியது மூணு விஷயம். அங்க வேலை செஞ்சது குறைஞ்ச கலோரி, அதுக்குன்னு ஒரு ரகசிய மூலிகை எதுவும் இல்ல. பயிற்சி பெற்ற நர்ஸும் டயட்டீஷியனும் கூடவே இருந்து பார்த்தாங்க, மாத்திரையை நிறுத்தினது மருத்துவக் குழு. ஷேக் முடிஞ்சதும் சாதா சாப்பாட்டுக்கு எப்படித் திரும்பணும்னு படிப்படியா சொல்லிக் கொடுத்தாங்க. இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். டப்பா தீர்ந்ததும் பழைய சாப்பாட்டுக்கே போனா, குறைஞ்ச எடையும் திரும்பி வந்துடும்.

வீட்டுல யாராவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கறவங்க இருந்தா, டாக்டரைக் கேக்காம ஷேக் ஆரம்பிக்க விடாதீங்க. சாப்பாடு திடீர்னு குறைஞ்சு மருந்து அதே அளவுல போனா, சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிடலாம்.

இன்னொண்ணு. "முதல் வாரமே 3 கிலோ குறைஞ்சுது"ன்னு சொல்லுவாங்க. உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனா சேமிச்சு வைக்கும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணியும் சேர்ந்து தங்கும். சோறு, இட்லியைக் குறைச்ச உடனே முதல்ல வெளியேறுறது இந்தத் தண்ணிதான். பொய் இல்ல, ஆனா அவ்வளவும் கொழுப்பு இல்ல. கிளப்புல ஒரு மெஷின்ல ஏத்தி நிறுத்தி, "உனக்கு வயசு 26, ஆனா உடம்பு வயசு 41"னு பயமுறுத்துவாங்க பாருங்க, அந்த மெஷின் உடம்புக்குள்ள லேசா மின்சாரம் அனுப்பி கணக்குப் போடுது. நீங்க தண்ணி குடிச்சீங்களா, சாப்பிட்டீங்களாங்கறதைப் பொறுத்தே அந்த நம்பர் மாறும். ஒரே ஒரு அளவை நம்பி டப்பா வாங்க வேண்டாம்.

ரெண்டாவது கேள்வி: ஒரு கிளாஸ் என்ன விலை?

இங்கதான் நம்ம ஏரியா வருது. கணக்குக்கு ஒரு டப்பா 500 கிராம், விலை 2,200 ரூபாய், ஒரு தடவைக்கு 25 கிராம்னு வச்சுக்குவோம். உங்ககிட்ட சொன்ன விலை வேறயா இருந்தா அதைப் போட்டுக்கோங்க, கணக்குப் போடற முறை ஒண்ணுதான்.

- ஒரு டப்பாவுல 20 கிளாஸ். ஒரு கிளாஸ் பவுடர் 110 ரூபாய்.
- 300 மில்லி பால் சுமார் 15 ரூபாய். ஆக ஒரு கிளாஸ் 125 ரூபாய்.
- ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்னா 250 ரூபாய்.
- மாசத்துக்கு 60 கிளாஸ், 3 டப்பா. மொத்தம் 7,500 ரூபாய்.

இது வெறும் ஷேக் மட்டும். "இதோட புரோட்டீன் பவுடர் சேர்த்தாதான் முழு ரிசல்ட், இந்த டீயும் குடிக்கணும், ஃபைபரும் எடுக்கணும்"னு சொல்லும்போது பில் சுலபமா 10,000 ரூபாயைத் தொடும். கையில 30,000 ரூபாய் சம்பளம் வாங்கறவருக்கு அது மூணுல ஒரு பங்கு.

இப்போ புரதத்தைப் பார்ப்போம். 25 கிராம் பவுடர்ல 9 கிராம் புரதம்னு லேபிள்ல இருக்குன்னு எடுத்துக்குவோம். 300 மில்லி பால்ல இன்னொரு 9 கிராம் இருக்கு. "ஒரு ஷேக்ல 18 கிராம் புரதம்"னு சொல்றாங்கல்ல, அதுல பாதி பாலோடது! 15 ரூபாய் பால் கொடுக்கற அதே அளவு புரதத்துக்குத்தான் பவுடருக்கு 110 ரூபாய் கொடுக்கறோம். பவுடர்ல வைட்டமின், தாது உப்பு, கொஞ்சம் நார்ச்சத்து சேர்த்திருப்பாங்க, அதையும் மறுக்கல. ஆனா அதுக்கு இந்த விலையாங்கறதுதான் கேள்வி.

பக்கத்துல நம்ம ஊர் தட்டு ஒண்ணை வச்சுப் பாருங்க. ரெண்டு அவிச்ச முட்டை, 30 கிராம் பச்சைப்பயறை முளைகட்டினது, ஒரு கொய்யா. புரதம் சுமார் 20 கிராம், கலோரி 300 ஒட்டி, விலை 30 ரூபாய்க்குள்ள. முட்டை சாப்பிடாதவங்க கொண்டைக்கடலை சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கலாம். மென்னு சாப்பிடறதால வயிறும் கொஞ்சம் நேரம் தாங்கும்.

ஒருத்தருக்கு எவ்ளோ புரதம் வேணும்? ஐ.சி.எம்.ஆர்., தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 பரிந்துரைப்படி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ இருக்கறவருக்கு 50 கிராம். பருப்பு, பயறு, பால், தயிர், முட்டைனு கவனமா சாப்பிட்டாலே தொட்டுடற நம்பர்தான்.

சரி, விலை ஏன் இவ்ளோ?

டப்பா விலைக்குள்ள பவுடர் மட்டும் இல்ல, ஒரு ஏணியே உட்கார்ந்திருக்கு. உதாரணத்துக்கு, இந்தத் துறையில பெரிய கம்பெனியான ஹெர்பலைஃப் 1980ல லாஸ் ஏஞ்சலஸ்ல மார்க் ஹ்யூஸ் ஆரம்பிச்சது. அவங்க திட்டப்படி விக்கறவருக்கு, அவர் இருக்கற படியைப் பொறுத்து 25லிருந்து 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. அதுக்கு மேல, கீழ சேர்த்துவிட்டவங்க வாங்கற சரக்குல மேல இருக்கறவருக்கு ஒரு பங்கு.

யோசிச்சுப் பாருங்க. பாதி விலைக்குக் கொடுத்து, மேல் ஆளுங்களுக்குப் பங்கும் கொடுத்து, அப்புறமும் கம்பெனி லாபம் பார்க்குதுன்னா, அந்த 2,200 ரூபாய்ல பவுடரோட பங்கு எவ்வளவு இருக்கும்? நீங்க கொடுக்கறதுல பெரிய பகுதி உங்க வயித்துக்குப் போகல, ஏணிக்குப் போகுது.

"பிசினஸா பண்ணு, உன் ஷேக் ஃப்ரீ!"

இதுதான் தூண்டில். இதையும் கணக்காவே பார்ப்போம்.

நீங்க ஐடி போட்டா ஆரம்பத் தள்ளுபடி 25 சதவீதம். ஒரு டப்பா 1,650 ரூபாய்க்கு வரும். வெளிய 2,200க்கு வித்தா 550 ரூபாய் லாபம். உங்களுக்கு மாசம் 3 டப்பா வேணும், அதோட செலவு 4,950 ரூபாய். இதை ஈடுகட்ட மாசாமாசம் 9 டப்பா விக்கணும். அதாவது மாசம் 6,600 ரூபாய் பவுடருக்குச் செலவு பண்ணத் தயாரா இருக்கற மூணு பேர், நிறுத்தாம, தள்ளுபடி கேக்காம வாங்கிட்டே இருக்கணும். உங்க டீம்ல அப்படி மூணு பேர் இருக்காங்களா? அப்பவும் உங்க கைக்கு வர்ற லாபம் பூஜ்யம், ஷேக் மட்டும்தான் ஃப்ரீ.

இதுல ஒரு பொறி இருக்கு. உங்ககிட்ட நல்லா வாங்கற ஆளு மூணாவது மாசம் என்ன கேப்பாரு? "எனக்கும் ஐடி போட்டுக் கொடேன், 25 சதவீதம் மிச்சமாகும்ல?" அவர் ஐடி போட்ட அன்னைக்கு உங்க 550 ரூபாய் போச்சு. அதைத் திரும்பப் பிடிக்க நீங்க மேல் படிக்குப் போகணும். மேல் படிக்குப் போக நிறைய சரக்கு எடுக்கணும். கிரெடிட் கார்டு தேய்க்கறதும், பெர்சனல் லோன் எடுக்கறதும், கட்டிலுக்கு அடியில டப்பா அடுக்கறதும் இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

"ஆள் சேர்த்துட்டே போ, ஒவ்வொருத்தரும் அஞ்சு பேர்"னு போர்டுல வட்டம் போட்டுக் காட்டுவாங்க. அந்த வட்டத்தை நீங்க தொடர்ந்து போட்டுப் பாருங்க. முதல் படியில 5, அடுத்தது 25, 125, 625... 11வது படியில 4.88 கோடி பேர். அதுவரைக்கும் சேர்ந்தவங்க மொத்தம் 6.1 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுல இருந்ததே 7.21 கோடி பேர்தான், பால்குடி குழந்தை உட்பட. 12வது படிக்கு 24.4 கோடி பேர் வேணும். எங்க போய் பிடிக்கறது? கடைசிப் படியில இருக்கறவங்கதான் எப்பவும் கூட்டத்துல அதிகம், அவங்களுக்குக் கீழ யாரும் இல்ல.

இது என் ஊகம் இல்ல, பதிவான விஷயம்

அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் ஹெர்பலைஃப் மேல போட்ட வழக்கு 2016 ஜூலைல செட்டில்மென்ட்ல முடிஞ்சது. கம்பெனி பல குற்றச்சாட்டுகளை ஏத்துக்கல, ஆனா 20 கோடி டாலர் கொடுக்கவும், கமிஷன் முறையை மாத்தவும் ஒத்துக்கிச்சு. ஆள் சேர்க்கறதுக்காக இல்லாம, உண்மையான வாடிக்கையாளருக்கு வித்ததுக்குத்தான் பெரும்பங்கு கமிஷன் தரணுங்கறது அதுல ஒரு நிபந்தனை. 2017 ஜனவரியில சுமார் 3.5 லட்சம் பேருக்கு பணம் திருப்பி அனுப்பினாங்க.

அந்தப் புகார்ல இருந்த ரெண்டு தகவலைப் பாருங்க. 'சேல்ஸ் லீடர்'னு பட்டம் வாங்கினவங்கள்லயே பாதிப் பேருக்கு மேல, 2014ங்கற முழு வருஷத்துக்கும் கம்பெனிகிட்ட இருந்து சராசரியா வாங்கின கமிஷன் 300 டாலருக்கும் கம்மி. கம்பெனி தானே எடுத்த சர்வேல, நியூட்ரிஷன் கிளப் திறக்க சராசரியா 8,500 டாலர் செலவாச்சு, 57 சதவீத கிளப்காரங்க லாபமே இல்லை அல்லது நஷ்டம்னு சொன்னாங்க. இது அமெரிக்கக் கணக்கு, இங்க அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல. ஆனா ஏணியோட வடிவம் அதேதான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2012 டிசம்பர்ல பில் ஆக்மேன்ங்கற பெரிய முதலீட்டாளர், இந்தக் கம்பெனி ஷேர் விழும்னு 100 கோடி டாலர் அளவுக்குப் பந்தயம் கட்டினார். விழல. 2018ல நஷ்டத்தோட வெளிய வந்தார். "பார்த்தியா, கம்பெனி எவ்ளோ ஸ்ட்ராங்"னு மீட்டிங்ல இதையே சொல்லுவாங்க. கம்பெனி லாபமா ஓடறது வேற, கடைசிப் படியில இருக்கற உங்க பாக்கெட் நிறையறது வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

நம்ம ஊர்ல 2022 ஏப்ரல்ல அமலாக்கத் துறை ஆம்வே இந்தியாவோட 757.77 கோடி ரூபாய் சொத்தை முடக்குச்சு. வெளிச் சந்தையில கிடைக்கற நல்ல பிராண்டுகளோட ஒப்பிட்டா பெரும்பாலான பொருட்களோட விலை ரொம்ப அதிகங்கறதும் அவங்க சொன்ன குற்றச்சாட்டுல ஒண்ணு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்ல.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

டைரக்ட் செல்லிங் இந்தியாவுல சட்டப்படி சரிதான். ஆனா 2021 டிசம்பர்ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் சில விஷயங்களைத் தடுக்குது:

- பிரமிட் திட்டமோ, பணச் சுழற்சித் திட்டமோ நடத்தக்கூடாது.
- "நாலு பேரை அறிமுகப்படுத்தினா நீ கொடுத்த காசு திரும்பி வந்துடும்"னு சொல்லி ஒரு வாடிக்கையாளரை வாங்க வைக்கக்கூடாது. "உன் ஷேக் ஃப்ரீ"ங்கற வசனத்தை இதோட வச்சுப் பாருங்க.
- அடையாள அட்டை இல்லாம, முன்கூட்டியே சொல்லாம வீட்டுக்கு விக்க வரக்கூடாது.
- கம்பெனி ஒரு குறைதீர் அதிகாரியை வைக்கணும். புகாரை 48 வேலை மணி நேரத்துக்குள்ள பெற்றுக்கிட்டதா சொல்லணும், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்.

இன்னொண்ணு, இது மருந்து இல்ல, உணவு. "தைராய்டு சரியாகும், பி.சி.ஓ.டி. போயிடும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாம்"னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. 'வெல்னஸ் கோச்'ங்கறது விற்பனைக்கான பட்டம், டயட்டீஷியன் படிப்பு இல்ல.

அப்போ யாருமே வாங்க வேண்டாமா?

காலையில சமைக்க நேரமே இல்ல, இல்லாட்டி பட்டினி கிடப்பேன், காசும் பிரச்சனை இல்லைங்கறவர் ஒரு ஷேக் குடிக்கறதுல தப்பு இல்ல. அப்பவும் கடையிலயும் ஆன்லைன்லயும் கிடைக்கற ரெண்டு மூணு பிராண்டோட ஒப்பிட்டு வாங்குங்க. டப்பாவுல போட்டிருக்கற எம்.ஆர்.பி.யை மட்டும் பார்க்காம, 10 கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய்னு கணக்குப் போடுங்க. சர்க்கரை எத்தனை கிராம்னு பாருங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யோட 14 இலக்க உரிம எண் இருக்கான்னு பாருங்க.

எவ்ளோ மிச்சமாகும்? 7,500 ரூபாயும் மிச்சம்னு சொன்னா அது பொய், எப்படியும் சாப்பிடத்தான் போறீங்க. ஒரு வேளைக்கு 50 ரூபாய்னு தாராளமாவே வச்சாலும், ஒரு கிளாஸுக்கு 75 ரூபாய் மிச்சம். மாசம் 4,500, வருஷத்துக்கு 54,000 ரூபாய். 30,000 சம்பளக்காரருக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு மாச சம்பளம். எமர்ஜென்சி ஃபண்டு இல்லாதவங்களுக்கு அங்கயே பாதி வேலை முடிஞ்சுது. டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம்னு எல்லாம் இதுக்குள்ளயே அடங்கிடும்.

சொந்தக்காரங்ககிட்ட எப்படி மறுக்கறது?

உண்மையான கஷ்டம் இதுதான். ஏன்னா விக்கறவங்க எதிரி இல்ல. பல பேர் வேலையை விட்டுட்டு வீட்டுல இருக்கறவங்க, ஏதாவது சம்பாதிக்கணும்னு நினைக்கறவங்க, தானும் காசு போட்டு மாட்டிக்கிட்டவங்க. அவங்களை அவமானப்படுத்த வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்க:

"அக்கா, நீங்க எடை குறைச்சதுல எனக்கு சந்தோஷம். எனக்கு மாசம் இவ்ளோ கட்டுப்படியாகாது. மீட்டிங்குக்கும் வரல, தப்பா நினைச்சுக்காதீங்க."

"யோசிச்சு சொல்றேன்"னு மட்டும் சொல்லாதீங்க, அடுத்த வாரம் அவங்க மேல் ஆளோட வந்து நிப்பாங்க. மேலதிகாரியே விக்கறாரா? "வெளி பிசினஸ் பண்ணக்கூடாதுன்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கு சார்"னு சொல்லலாம். ஆனா முதல்ல உங்க லெட்டரைப் பாருங்க. பல கம்பெனியில அப்படி ஒரு நிபந்தனை உண்மையிலயே இருக்கும்.

ஏற்கனவே சேர்ந்துட்டீங்களா? புதுசா சரக்கு எடுக்கறதை இன்னைக்கே நிறுத்துங்க. ஒப்பந்தத்துல கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள், திறக்காத டப்பாவைத் திருப்பி எடுத்துக்குவாங்களான்னு படிங்க. பில், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் சேமிச்சு வைங்க. திருப்பித் தரணும்னு எழுத்துல, மெயில்ல கேளுங்க. பதில் இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போட்ட காசை எடுக்கணும்னு தம்பியையும் ஃப்ரெண்டையும் கீழ சேர்க்காதீங்க. உங்க நஷ்டம் அவங்களுக்குக் கை மாறும், அவ்ளோதான்.

நாளைக்கு யாராவது டப்பாவோட வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க: "ஒரு கிளாஸ் எத்தனை ரூபாய்? போன வருஷம் எல்லா செலவும் போக உங்க கையில நின்னது எவ்வளவு?" ரெண்டாவது கேள்விக்கு கார் போட்டோவோ ஃபாரின் டூர் போட்டோவோ காட்டினா, உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

உங்க டப்பா கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.